காப்புக் கட்டாத வருஷம்

தோட்டத்து இரண்டாவது டிவிஷனில் போய்ச் சின்னத்தாய் என்று கேட்டால் ‘எந்தச் சின்னத்தாய்?’ என்பார்கள். பால்மரம் வெட்டின அஞ்சலையின் மூத்த மகள், லோரி ஓட்டுகிற முருகையாவின் சம்சாரம் என்றால் பாதிப் பேருக்குப் பிடிபடும். மீன் செவுளை விரித்துப் பார்த்த பிறகு மீன்காரன் முகத்தையும் ஒரு தரம் உற்றுப் பார்ப்பாளே, அவள்தான் என்றால் எல்லோருக்கும் விளங்கிவிடும்.

அவளுக்குச் சந்தேகம் தாய்ப்பாலோடு வந்தது. தோட்டம் ரப்பராக இருந்த காலத்தில் அஞ்சலைக்கு ஒரு பிள்ளை அரைக் கர்ப்பத்தில் கலைந்து போனது. மறுநாளே வேலைக்கு வந்தாள். விடிகாலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குக் கொஞ்சம் பிந்தி வந்தாள் என்று கணக்கெழுதுகிற கிராணி காப்ரியல் அவளுக்கு அரைநாள் கூலி போட்டுவிட்டார். சேலையில் ரத்தத்தோடு நின்றவளை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, பென்சிலைத்தான் பார்த்தார். ‘எழுதுறவன் கையை நம்பாதே’ என்று சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள் அஞ்சலை. சின்னத்தாய் அதை இன்னும் கொஞ்சம் நீட்டி, யார் கையையும் நம்பாமலே வளர்ந்தாள். முருகையாவைக் கட்டிக்கொண்ட பிறகு, மாமியார் செத்தபோது காணாமல் போன தோடு நாத்தனார் புஷ்பாவிடம்தான் இருக்கிறது என்று நம்பினாள். பிள்ளைகள் கல்யாணமாகிக் கிள்ளானுக்குப் போன பிறகும் அந்த நம்பிக்கை மட்டும் வீட்டிலேயே இருந்தது.

ஐம்பது தாண்டியதும் அவளுக்கு மாசாந்திரம் நின்றது. நின்ற கையோடு உடம்பு மாறிவிட்டது. காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும்போதே கழுத்திலிருந்து ஒரு சூடு கிளம்பி முகமெல்லாம் வேர்த்துக் கொட்டும். சாப்பாடு முன்னைவிடக் குறைவுதான், ஆனாலும் ஊறவைத்த கடலை மாதிரி உடம்பு பருத்துக்கொண்டே போனது. ரவிக்கை பிடிக்கவில்லை என்றதும் முதலில் தையற்காரி உஷாராணியின் அளவு நாடாவைச் சந்தேகப்பட்டாள். பிறகு துணி துவைக்கிற மெசினை. கடைசியில் வேறு வழியில்லாமல் தன் இடுப்பைச் சந்தேகப்பட்டாள்.

நின்றதில் ஒரு லாபமும் இருந்தது. தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் மடப்பள்ளியில் சமைக்க மாசாந்திரம் நின்றுபோன பெண்கள்தான் நுழையலாம். திருவிழாவுக்கு நடுவில் தீட்டு வந்துவிடக் கூடாது என்று ஆதியிலிருந்து அப்படி ஒரு கட்டு. காப்புக் கட்டுகிற அன்று மடப்பள்ளிக்காரியின் கையிலும் மஞ்சள் கயிறு கட்டுவார்கள். கட்டிவிட்டால் திருவிழா முடிகிற வரைக்கும் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. கோயில் தலைவர் நல்லசாமியின் அக்காதான் வெகுகாலம் அந்தச் சாவியை இடுப்பில் செருகியிருந்தாள். காலுக்கு முடியாமல் அவள் சுங்கை ஆயர் தாவாரில் மகள் வீட்டுக்குப் போனதும் சாவி சின்னத்தாயிடம் வந்தது. பெரட்டில் வரிசையில் நின்றே காலம் கழித்த குடும்பத்தில், எல்லோரும் வெளியே நிற்க உள்ளே நிற்கிற முதல் ஆள் அவள். அவள் பொங்கல் வைத்தால் அம்மனுக்கு முன்னால் யாரும் ருசி பார்க்க முடியாது, குறையும் சொல்ல முடியாது.

ஆனால் போன வருஷம் பெரிய அண்டாவை இறக்கும்போது முட்டி பிடித்துக்கொண்டது, மூச்சு வாங்கியது. எடையைக் குறைக்க ஏதோ ஊசி வந்திருப்பதாகத் கைத்தொலைபேசி வீடியோவில் யாரோ பேசினதைப் பார்த்துவிட்டு, முருகையாவைக் கிளப்பிக்கொண்டு கோலா சிலாங்கூரில் அரசாங்க கிளினிக்குக்குப் போனாள்.

டாக்டர் இளம்பெண், தமிழ்ப் பெண். சின்னத்தாய் உட்காருவதற்கு முன்பே விஷயத்தைச் சொன்னாள்.

“அந்த ஊசியப் போட்டு விட்டீங்கன்னா நான் பாட்டுக்குப் போயிருவேன்.”

“போடலாமா வேணாமான்னு பாக்கணும் ஆன்ட்டி. அது எல்லாருக்கும் ஒத்து வராது. மொதல்ல சுகர், பிரஷர், தைராய்டு பாப்போம். தூங்கும்போது கொறட்டை விடுவீங்களா?”

“எனக்கென்ன தெரியும், நான் தூங்கிருவேன்லா.”

“லோரி இஞ்சினை நிறுத்தாம வந்துட்டோமான்னு நான் எந்திரிச்சுப் போய்ப் பாத்திருக்கேன் டாக்டர்,” என்றார் முருகையா.

சின்னத்தாய் அவரைப் பார்த்த பார்வையில் அவர் காலண்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். டாக்டர் சிரிக்காமல் எழுதினாள். அப்பா அம்மாவுக்கு என்ன நோய் இருந்தது, வீட்டில் யாருக்காவது கேன்சர் உண்டா, தேத்தண்ணிக்குச் சீனி எவ்வளவு, மாசாந்திரம் எப்போது நின்றது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கடைசிக் கேள்வி வந்ததும் முருகையா எழுந்து, லோரியில் ஒரு வேலை இருக்கிறது என்று வெளியே போய்விட்டார். அன்றைக்கு அவர்கள் வந்தது மோட்டார் சைக்கிளில்.

“நின்னதுக்கு அப்புறம் எப்பவாச்சும் ரத்தம் பட்டிருக்கா?”

“இல்ல.” அன்றைக்கு அது உண்மைதான்.

“பட்டா, ஒரு பொட்டா இருந்தாலும், அது மாசாந்திரம் திரும்பி வந்ததுன்னு நெனச்சுக்காதீங்க. ஒடனே வாங்க. இந்தச் சூட்டுக்கும் வைத்தியம் இருக்கு, எல்லா ரிசல்ட்டும் வந்ததும் பேசுவோம். அதுவரைக்கும் சீனியக் கொறைங்க, நடங்க. ஊசிய அப்புறம் பாப்போம்.”

வெளியே வந்து, அங்கே நர்சாக இருந்த மிஸ்ஸி பெர்னடெட்டின் காதோரம் சின்னத்தாய் கேட்டாள்: “இந்த டாக்டரு யாரு வீட்டுப் பொண்ணு?”

“உங்க தோட்டத்துப் பொண்ணுதான்க்கா. டாக்டர் முரியல். கிராணி காப்ரியல் பேத்தி.”

அவ்வளவுதான். அதுவரைக்கும் சாதாரணமாகத் தெரிந்த கேள்விகளெல்லாம் சின்னத்தாய்க்கு வேறு முகம் காட்டின. எடை குறைக்க வந்தவளிடம் தீட்டைப் பற்றி எதற்குக் கேட்கிறாள்? ஒரு வெள்ளி கட்டணம் வாங்குகிற கிளினிக்கில் ஒரு பக்கம் எதற்கு எழுதுகிறாள்? அதே கை, அதே பென்சில், இப்போது பேனாவாகியிருக்கிறது. அடுத்த தேதிக்கு அவள் போகவே இல்லை.

புஷ்பா வீடு அவர்கள் வரிசையிலேயே கோடி வீடு. முருகையாவின் ஒரே தங்கை, புருஷனை இழந்தவள், வாய் ஓயாதவள். தீபாவளிக்குப் பிறகு ஆள் பாதியாய் இளைத்திருந்தாள். என்ன செய்தாய் என்று கேட்டதற்கு ஒரு பாக்கெட்டை எடுத்துக் காட்டினாள். காப்பித்தூள் நிறத்தில் ஒரு தூள். பாக்கெட்டின் மேல் ஒரு பெண்ணின் இடுப்பு மட்டும் இருந்தது, தலையும் இல்லை, காலும் இல்லை. யார் செய்தது, எங்கே செய்தது என்று ஒரு எழுத்தும் இல்லை. தலையில்லாத மீனைச் சின்னத்தாய் ஜென்மத்தில் வாங்கியதில்லை. ஆனால் இது நாத்தனார் கொடுத்தது, கிராணி வீட்டுப் பெண் கொடுக்கவில்லை. தோட்டில் சந்தேகப்பட்டவள் தூளில் சந்தேகப்படவில்லை. வெந்நீரில் கலக்கிக் குடித்தாள்.

இளைத்தாள்தான். நெஞ்சு படபடவென்று அடித்தது, தூக்கம் போனது. ஆனாலும் ரவிக்கை தொளதொளத்தது. உஷாராணியே வாய்விட்டுச் சொன்னாள். அப்புறம் ஒருநாள் கோயில் பாத்திரங்களைப் புளி போட்டுத் துலக்கிவிட்டு வந்து குளிக்கப் போனவள், பாவாடையில் சிவப்பைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

யாரிடம் சொல்வது? திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கையோடுதானே அம்மன் பாத்திரத்தைத் தொட்டிருக்கிறாள். பயத்தில் புஷ்பாவிடம் ஓடினாள்.

“கெட்டதெல்லாம் வெளிய வருது அண்ணி,” என்றாள் புஷ்பா. “ஒடம்பு திரும்ப வயசுக்கு வருது. இதுக்குப் போயி யாராச்சும் மூஞ்சத் தூக்கிவச்சுக்குவாங்களா?”

வீட்டுக்கு வந்த பிறகுதான் அது உறைத்தது. சேதி கேட்டதும் புஷ்பா திடுக்கிடவில்லை. வரும் என்று தெரிந்தவள் மாதிரி, பதிலைக் கையில் வைத்திருந்தவள் மாதிரி சொன்னாள். எப்படித் தெரியும் அவளுக்கு?

சந்தேகம் ஒரு நூல் கிடைத்தால் சேலையே நெய்துவிடும். போன திருவிழாவில் ‘பொங்கல்ல வெல்லம் கொறச்சல் அண்ணி’ என்று நாலு பேருக்கு முன்னால் சொன்னவள் யார்? புஷ்பா. ‘எனக்கும் நின்னுபோச்சு, நானும் மடப்பள்ளிக்கு ஒத்தாசைக்கு வரேன்’ என்றவள் யார்? புஷ்பா. அப்படிச் சொன்னவள் இந்த வருஷம் பாத்திரம் துலக்க ஏன் எட்டிப் பார்க்கவில்லை? ஒத்தாசைக்கு வருகிறவள் வரவில்லை என்றால், முழுசாகவே வரப் போகிறாள் என்று அர்த்தம். தூளைக் கொடுத்துத் தீட்டை வரவழைத்து, சமயம் பார்த்து நல்லசாமி காதில் போட்டுவிட்டால் சாவி யார் இடுப்புக்குப் போகும்? தோட்டை எடுத்தவளுக்குச் சாவி எம்மாத்திரம்.

முருகையாவிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தாள்.

“ஒந்தங்கச்சி சரியில்ல.”

“அது பொறந்ததுலருந்தே அப்படித்தான்,” என்று அவர் பேப்பரைத் திருப்பினார்.

ரத்தம் விட்டுவிட்டு வந்தது. வெளியே யாராவது மெதுவாகப் பேசினால் தன்னைப் பற்றித்தான் என்று அவளுக்குத் தோன்றியது. நல்லசாமி ‘ஒடம்பு சௌரியமா சின்னத்தாயி?’ என்று வழக்கமாகக் கேட்டதிலும் உள்குத்து தெரிந்தது. யோசித்துப் பார்த்தாள். எல்லாம் புஷ்பா வேலை என்று சும்மா சொன்னால் யார் நம்புவார்கள், அத்தாட்சி வேண்டும். எழுதுகிற கைதான் அத்தாட்சி கொடுக்க முடியும். பாக்கெட்டைப் பேப்பரில் சுற்றி, கூடையில் கீரைக்கு அடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

“இந்தத் தூளக் குடிச்சா ரத்தம் வருமா?” என்றாள் டாக்டர் முரியலிடம். “வரும்னு ஒரு வரி எழுதிக் குடுங்க.”

“யாருக்கு வந்துச்சு?”

“தெரிஞ்சவங்களுக்கு.”

“அந்தத் தெரிஞ்சவங்களுக்கு என்ன வயசு இருக்கும்?”

“என் வயசுதான்.”

“எங்க இருக்காங்க?”

“பக்கத்துலதான்.”

மிஸ்ஸி பெர்னடெட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். டாக்டர் பேனாவை மூடி மேசையில் வைத்தாள். அந்தப் பேனா படுத்ததைப் பார்த்ததும் சின்னத்தாய்க்கு எங்கிருந்தோ வார்த்தை வந்துவிட்டது.

“உங்க தாத்தா எங்கம்மாவுக்கு அரைநாள் போட்டாரு. புள்ள கலைஞ்ச மறுநாளு, ரத்தத்தோட பெரட்டுக்கு வந்தவங்க. அதான் உங்ககிட்ட எதுவும் சொல்லத் தோணல.”

டாக்டர் மூடி வைத்த பேனாவைப் பார்த்தாள்.

“போட்டிருப்பாரு,” என்றாள். “அவரு பென்சிலுக்கு எங்க வீட்டுலயே எல்லாருக்கும் பயம். அவருக்காக நான் என்ன சொன்னாலும் எடுபடாது ஆன்ட்டி. இப்ப நீங்க சொல்லுங்க, நான் முழுநாளாவே எழுதிக்கறேன்.”

சின்னத்தாய் சொன்னாள். தூளையும் படபடப்பையும் ரத்தத்தையும் சொல்லிவிட்டு, எல்லாம் நாத்தனார் வேலை என்றும் சொன்னாள்.

“தூளா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்,” என்றாள் டாக்டர். “இதுல என்ன கலந்திருக்குன்னு யாருக்கும் தெரியாது. பதிவு நம்பரும் இல்ல, ஒண்ணும் இல்ல. இன்னியோட நிறுத்திடுங்க. ஆனா தூள் மேலயே பழியப் போட்டுட்டு உள்ள பாக்காம விட்டா அது என் தப்பு. ஒடம்புல கொழுப்பு சேந்தா அதுலருந்தே ஒரு ஹார்மோன் ஊறும். மாசாந்திரம் நின்னவங்களுக்கு அது கர்ப்பப்பையோட உள்தோலத் தடிக்க வைக்கும். சில பேருக்கு அது வேற மாதிரி மாறிடும்.”

“வேற மாதிரின்னா?”

“கேன்சரா. பெரும்பாலும் இருக்காது. ஆனா பாக்காம இல்லன்னு என்னால சொல்ல முடியாது. பெரிய ஆஸ்பத்திரியில ஸ்கேன் பண்ணி, உள்தோல்ல துளி எடுத்துப் பாக்கணும்.”

அங்கேயே தொலைபேசியில் மலாயில் பேசி, கொஞ்சம் குரலை உயர்த்தி, ஒரு தேதி வாங்கினாள். தேதியைக் கேட்டதும் சின்னத்தாய் விரல் விட்டு எண்ணினாள். காப்புக் கட்டுக்கு மூன்றாம் நாள். கையில் கயிறு கட்டினால் எல்லை தாண்ட முடியாது.

“திருவிழா முடிஞ்சு போறேனே.”

“திருவிழா முடிஞ்சா ஆடி வரும், ஆடி முடிஞ்சா பேத்திக்குக் காதுகுத்து வரும். இந்தத் தேதிக்கே சண்டை போட்டிருக்கேன். நான் மாத்த மாட்டேன்.”

இவ்வளவு அவசரம் எதற்கு? இதிலும் ஏதோ இருக்கிறது என்றுதான் பஸ்ஸில் வரும்போது அவளுக்குத் தோன்றியது. ஆனால் கேன்சர் என்ற சொல் பஸ்ஸை விட்டு இறங்கின பிறகும் கூடவே நடந்து வந்தது. நேராகக் கோடி வீட்டுக்குப் போனாள்.

புஷ்பா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“சாவி வேணும்னா வாயத் தொறந்து கேட்டிருக்கலாமேடி.”

“என்ன சாவி?”

“மடப்பள்ளிச் சாவி. அதுக்குத்தான தூளக் குடுத்து எனக்குத் தீட்ட வரவழைச்ச.”

புஷ்பா மடித்த துணியை மடியிலேயே வைத்துக்கொண்டு பார்த்தாள். பிறகு சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே வேறு சத்தமாக மாறியது.

“எனக்குச் சாவி எதுக்கு அண்ணி? கோயில் வாசலுக்கே நான் போறதில்ல. தைப்பூசத்துலருந்து எனக்கு நிக்கவே மாட்டேங்குது.”

“ஒனக்கு நின்னு ரெண்டு வருஷமாச்சே.”

“ஆச்சு. திரும்ப வந்துருச்சு. தூளு வேலை செய்யுதுன்னு நெனச்சேன். நெனச்சுக்கிட்டேன்னு வைங்களேன். இப்ப இடுப்புல வலியும் இருக்கு.”

சின்னத்தாய் மடித்த துணிகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். பாத்திரம் துலக்க வராதது அதற்குத்தான். சேதி கேட்டுத் திடுக்கிடாததும் அதற்குத்தான்.

“கூடவே இருக்கேன், எங்கிட்டச் சொல்லக் கூடாதாடி?”

“உங்ககிட்டயா?” புஷ்பா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “சொன்னா, இவ ஏதோ திட்டத்தோடதான் சொல்றான்னு நெனப்பீங்க.”

அப்படித்தான் நினைத்திருப்பாள் என்பது சின்னத்தாய்க்கே தெரியும். துணியைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தாள். “அந்தப் பாவாடைய மாத்து, கிளம்பு. கிளினிக் மூடுறதுக்குள்ள போயிரலாம்,” என்றாள். அன்றைக்கு இரண்டாவது தடவையாகப் பஸ் ஏறினாள். டாக்டர் முரியல் புஷ்பாவிடமும் அதே கேள்விகளைக் கேட்டாள். ஆனால் இந்தத் தடவை டாக்டரின் நெற்றியில் கோடு விழுந்ததைச் சின்னத்தாய் பார்த்தாள். மறுபடியும் தொலைபேசி, மறுபடியும் சண்டை. புஷ்பாவுக்கும் அதே நாள் கிடைத்தது.

காப்புக் கட்டுக்கு முன்தினம் சின்னத்தாய் சாவியைக் கொண்டுபோய் நல்லசாமியிடம் நீட்டினாள். தோரணம் கட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டினார்கள்.

“என்ன சின்னத்தாயி, முட்டியா?”

“முட்டி இல்ல, அதுக்கு மேல.”

“இடுப்பா?”

“அதுக்கு உள்ள. நின்னது திரும்ப வந்துருச்சு. தீட்டு இல்லன்னு டாக்டர் சொல்லுது, வியாதியா இருக்கலாம்னு சொல்லுது. எதுவா இருந்தாலும் நான் ஆஸ்பத்திரிக்குப் போகணும், காப்புக் கட்டிக்க முடியாது.”

நல்லசாமியின் பார்வை கோபுரத்துக்குப் போய்விட்டது. சாவியை வாங்கிய கை எதையோ தொட்டுச் சுட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. தோரணக்காரப் பெண்களில் உஷாராணி மட்டும் பின்னாலேயே வந்து, வேலி ஓரத்தில், “அக்கா, ஒரு பொட்டுப் பட்டாலுமா போகணும்?” என்று கேட்டாள். சின்னத்தாய் அவளை மேலும் கீழும் பார்த்தாள். “ஏன், தெரிஞ்சவங்க யாருக்காச்சுமா?” என்றாள். உஷாராணி தலையைக் குனிந்துகொண்டாள்.

மூன்றாம் நாள் முருகையா மருமகனின் காரைக் கேட்டு வாங்கி இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு போனார். வழியெல்லாம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டபோது மட்டும், “ரெண்டு பேரும் ஒண்ணா இருங்க,” என்றார். அந்த வருஷம் மடப்பள்ளியில் சமைக்க யாரும் அமையாமல், நல்லசாமி வெளியிலிருந்து சமையல்காரரைக் கூட்டி வந்ததாகப் பிற்பாடு தெரிந்தது.

சோதனைப் பதில் வந்தபோது சின்னத்தாய், “அந்தக் காகிதத்துல எம்பேருதான் இருக்கா, நல்லாப் பாருங்க,” என்று டாக்டர் முரியலைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். அவள் பேர்தான் இருந்தது. உள்தோல் தடித்திருக்கிறது, கேன்சர் இல்லை. ஆனால் அப்படியே விட்டால் ஆகலாம். மாத்திரை, அப்புறம் மறுபடியும் துளி எடுத்துப் பார்ப்பது. எடையையும் குறைத்தாக வேண்டும், அதற்கு வாய்க்குப் பத்தியம் சொல்கிற மிஸ்ஸி தனியாக இருக்கிறாள். ஊசி வேண்டுமா வேண்டாமா என்பதை இருதயத்தையும் சோதித்துவிட்டுப் பேசலாம் என்றாள் டாக்டர். இந்தத் தடவை, அந்த ஊசியால் என்னென்ன கெடுதல் வரும் என்று சின்னத்தாய்தான் ஒவ்வொன்றாகக் கேட்டாள். டாக்டர் ஒவ்வொன்றாகச் சொன்னாள், தெரியாததைத் தெரியாது என்றாள்.

புஷ்பாவின் காகிதத்தில் கேன்சர் என்றே இருந்தது. பரவவில்லை, கர்ப்பப்பைக்குள்ளேதான் இருக்கிறது, எடுத்துவிட வேண்டும் என்றார்கள். தாமதிக்காமல் வந்தது நல்லது என்றும் சொன்னார்கள். தைப்பூசத்திலிருந்து என்று சொல்லப் புஷ்பாவுக்கு நா எழவில்லை. சின்னத்தாய்தான் சொன்னாள்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் வார்டில் புஷ்பா பச்சை அங்கியில், கொண்டையை அவிழ்த்த தலையோடு சின்னப் பிள்ளை மாதிரி கிடந்தாள். பெரிய டாக்டர் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்து, நாளைக்கு என்ன செய்வார்கள் என்று பொறுமையாக விளக்கிவிட்டுப் போனார். அவர் எங்கே படித்தவர், எத்தனை பேருக்கு இப்படிச் செய்திருக்கிறார், மயக்க மருந்து கொடுப்பது யார் என்று சின்னத்தாய் தனக்குத் தெரிந்த மலாயில் கேட்டிருந்தாள். அவர் கோபித்துக்கொள்ளாமல் பதில் சொல்லியிருந்தார். அதுவே அவளுக்குக் கொஞ்சம் சந்தேகமாக இருந்தது.

“அண்ணி,” என்றாள் புஷ்பா, கையைப் பிடித்துக்கொண்டு. “நல்லவராத்தான் தெரியுறாரு. நம்பலாந்தான?”

சின்னத்தாய் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டாள்.

“நீ நம்பிட்டுத் தூங்கு,” என்றாள். “நான் நம்பாம இங்கயே உக்காந்திருக்கேன்.”